பேர் கட்டிய பாட்டு

என் கணவர் தீர்த்தன் கோழி அறுக்கமாட்டார். விருந்தாளி வந்தால் நான்தான் அறுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கடைத்தெருவில் ஏதாவது வேலை வந்துவிடும். ஆனால் அவர் கட்டிய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், வெட்டும் குத்தும் தவிர ஒன்றும் இருக்காது. அரூர் பஸ் ஸ்டாண்டில் மச்சானை மச்சான் குத்திய பாட்டு. பொம்மிடித் தண்டவாளத்தில் அண்ணனைத் தள்ளிவிட்ட தம்பியின் பாட்டு. செங்கல் சூளையில் மேஸ்திரியைத் தூக்கிப் போட்ட பாட்டு. கம்பைநல்லூரைச் சுற்றித் திருவிழா நடத்துகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். சாமி பாட்டு இரண்டு முடிவதற்குள், வெட்டுப் பாட்டு எடுப்பா என்று கூட்டத்தில் குரல் கிளம்பிவிடும். பெண்கள்கூடக் கேட்போம். பொய் சொல்வானேன், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து ரசித்துக் கேட்டவள்தான்.

என் பெயர் எழிலரசி. எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு அணில் பாட்டும் மயில் பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த மனிதர் குளித்துக்கொண்டே எவன் கழுத்தையாவது அறுத்துக்கொண்டிருப்பார். பிழைப்புக்கு டிராக்டர் ஓட்டினார். காட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போவது, மில் வாசலில் வரிசையில் நிற்பது, திரும்பி வருவது. பாட்டெல்லாம் அந்த வரிசையில் நிற்கும்போது கட்டியவைதான். குரல் என்று பார்த்தால் இனிமை கிடையாது, தகரத்தை இழுத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் மைக் போனாலும் கடைசி ஆள்வரை கேட்கும். பம்பைக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறிவிட்டால் கம்பைநல்லூர்ச் சந்தையே எழுந்து ஆடும்.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது கிணற்று மேட்டுப் பாட்டு. அந்த விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் ஊரில் முருகேஷ் என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் பச்சியப்பனுக்கும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் முறை. பொதுக் கிணறு, பொது மோட்டார். த்ரீபேஸ் கரண்ட் காலையில் வருகிற வாரம் ஒருவர் தண்ணீர் இறைப்பது, மதியம் வருகிற வாரம் இன்னொருவர் இறைப்பது என்று முறை வைத்திருந்தார்கள். கோடையில் கரண்ட் நேரத்தை மாற்றி மாற்றி விட்டதில் முறை குழம்பிப்போனது. என் முறை, உன் முறை என்று வாய்ச்சண்டை, வரப்புச் சண்டை, பிறகு ஒருநாள் காலையில் மோட்டார் கொட்டாயில் முருகேஷ் குனிந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது பச்சியப்பன் பின்னாலிருந்து வந்து கொடுவாளால் பிடரியில் போட்டான். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முருகேஷை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது என் கணவரின் டிரெய்லர்தான். பக்கத்துக் காட்டில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. செத்தவரின் வலது கையில் கொட்டாய்ச் சாவி இருந்தது. விரல் இறுகிப்போயிருந்ததால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, சாவியை எடுத்து, முருகேஷின் மனைவி சென்னம்மாளிடம் கொடுத்தது என் கணவர். சாயங்காலம் டிரெய்லரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கழுவினோம். பலகை இடுக்கில் ஓடிப்போய் உறைந்த ரத்தத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கடைசியில் கத்தி வைத்துச் சுரண்டினேன். இவர் ஒரு பக்கம் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

கேஸ் நடந்தது. முருகேஷ்தான் முதலில் கொடுவாளை ஓங்கினார், கைகலப்பில் பட்டுவிட்டது என்று பச்சியப்பன் தரப்பில் சொன்னார்கள். பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். என் கணவரையும் கூப்பிட்டார்கள். வண்டி ஓட்டியதுதான் தெரியும், வேறு எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பச்சியப்பன் விடுதலையாகி, மாலையும் கழுத்துமாக ஊருக்குள் வந்தான்.

இவர் அதற்குள் அந்தச் சாவுக்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். முதலில் அது அழுகைப் பாட்டாகத்தான் இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் அதைப் பாடிக்கொண்டிருக்கும்போது பச்சியப்பன் மேடை ஏறினான். புதுத் துண்டு ஒன்றை இவர் கழுத்தில் போட்டான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டு உண்டு. பாட்டு நடக்கும்போது ஒருவர் மேடை ஏறிப் புதுத்துண்டு போட்டுவிட்டால், பாடுகிறவன் அந்த இடத்திலேயே அவர் பேரை அந்தப் பாட்டில் கட்டிப் பாட வேண்டும். கட்டிய பேரை, அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை எடுக்கக் கூடாது. செத்த பிறகு பிணத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் பேரை எடுப்பது அவனுக்குக் கருமாதி செய்வதற்குச் சமம். அப்படி எடுக்கப்பட்டவன் வீட்டில் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள்.

துண்டு கழுத்தில் விழுந்ததும் இவர் ஒரு நொடி நின்றார். மேடைக்குக் கீழே பச்சியப்பனின் மகன்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பம்பைக்காரன் அடியை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தான். இவர் கட்டினார்.

நேருக்கு நேர் நின்ன புலி
நெஞ்சைக் காட்டி நின்ன புலி
முருகேசு வாளெடுக்க
பச்சியப்பன் பாஞ்ச புலி

கூட்டம் விசிலடித்துத் தூள் கிளப்பியது. அப்போது செல்போனில் மெமரி கார்டு போட்டுப் பாட்டு ஏற்றுகிற காலம். ஒரே மாதத்தில் பாப்பிரெட்டிப்பட்டி மினி பஸ்ஸிலிருந்து கல்யாண மண்டபம்வரை புலி பாய்ந்தது. அந்த வரி வரும்போதெல்லாம் பச்சியப்பன் எழுந்து துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுவான். சென்னம்மாள் திருவிழா நாட்களில் ஊரிலேயே இருப்பதில்லை.

வருடங்கள் போயின. பம்பைக்காரர்களில் ஒருவர் செத்துப்போனார், மற்றவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். போன வருடம் அரூரில் பாட்டுப் பதிவு அறை வைத்திருக்கும் மாதேஷ் என்பவர் இவரைத் தேடி வந்தார். பழைய பாட்டுகளை மேளம் இல்லாமல், தாளம் இல்லாமல், தனிக் குரலில் பாடித் தாருங்கள், ஆல்பமாகப் போடலாம் என்றார். என் கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தாடிக்குச் சாயம் அடித்துக்கொண்டார். போட்டோவுக்கென்று இரண்டு சட்டை எடுத்தார். தனி ஆல்பம் என்ற வார்த்தையைப் பால்காரரிடம்கூடச் சொன்னார்.

பதிவுக்கு நானும் போனேன். பஸ் ஸ்டாண்டுக் குத்து நன்றாக வந்தது, தண்டவாளம் நன்றாக வந்தது. கிணற்று மேட்டை எடுத்தார். நேருக்கு நேர் நின்ன புலி என்று பாடி, அடுத்த வரிக்குப் போகாமல் நின்றுவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். மாதேஷ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னவென்று சைகையில் கேட்டார். இவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"பம்பை அடிக்கறப்ப எனக்கு வார்த்தையே காதுல வுழுந்ததில்ல எழிலு. இப்பத்தான் கேக்குது. எவ்ளோ பெரிய பொய்யி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் வராத ஞானம் இப்போது, சாயம் அடித்த தாடியோடு, எதற்கு வர வேண்டும் என்று பஸ்ஸிலேயே திட்டினேன். அந்தப் பாட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாடிக் கொடுங்கள் என்றேன். பச்சியப்பன் கையால் சாக வேண்டுமென்று எழுதியிருந்தால் அன்றைக்கே செத்திருக்கலாமே என்றும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சென்னம்மாள் வீட்டுக்குக் கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். சென்னம்மாள் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் புளியை வைத்து இரும்புத் துண்டால் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. இவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, பாட்டை நடந்தபடியே மாற்றிப் பாடப்போவதாகவும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வந்ததாகவும் சொன்னார். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. அவர் சொல்லி முடித்ததும் கையிலிருந்த இரும்பை அவர் முகத்தில் வீசினாள்.

புருவம் பிளந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. எழுந்து வந்து முடியைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் குத்தினாள். நான் இழுக்கப் போனதற்கு எனக்கும் ஒரு அறை விழுந்தது. அவர் கையைத் தூக்கவே இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியபோதுதான் பேச்சு வந்தது.

"எம் புருசன் வாளெடுத்தான்னு ஊர் ஊரா பாடுனயே தீர்த்தா. அவுரு கையில இருந்தது சாவி. வெரலைப் பிரிச்சு எடுத்து எங்கையில குடுத்தவன் நீ. வருசா வருசம் திருவிழா வெச்சு அவுர வெட்டுனீங்க எல்லாரும்."

இவர் ரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றார். அவள் திரும்ப உட்கார்ந்து, சிதறிய புளியை முறத்தில் அள்ளிப் போட்டாள். பிறகு, பாடு, சாவியையும் சேர்த்துப் பாடு என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் அடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தால் இரும்பைக் குறி பார்த்து வீசியிருப்பேன்.

பாட்டு மாறுகிறது என்ற செய்தி பச்சியப்பன் காதுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. மகன்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். வயதாகியிருந்தாலும் தோள் இறங்கவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எம் பேரை எடுக்கறயாம். உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்றயா?" என்றான்.

என் கணவர் நெற்றிக் கட்டோடு அவன் முன்னால் நின்று, அமைதியாகச் சொன்னார். "எடுக்கலீங்கண்ணா. கட்டுன பேரை எடுக்க எனக்கு ரைட்டு இல்லீங்க. உங்க பேரு பாட்டுல இருக்கும்."

பச்சியப்பன் தெருவில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, என் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான், நான் இருக்கிறவரைக்கும் இருக்க வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னான். ஆகட்டும் என்றார் இவர். அவன் சமாதானமாகித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். நான் சொம்பை உள்ளே எடுத்துவந்தேன். இந்த மனிதர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டாம் என்று அழுதேன். சாப்பாடு போடாமல்கூட இருந்து பார்த்தேன். அவரே சமைத்து எனக்கும் போட்டார்.

மறுபடி பதிவு நடந்த அன்று ஒரே மூச்சில் பாடினார்.

சாவி ஒண்ணு கையில
சாஞ்ச முதுகு வெயில்ல
பின்னால வந்த கொடுவா
பச்சியப்பன் கொடுவா

மேளம் இல்லாத அந்தத் தகரக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்த பயத்தையும் மறந்து, இவர் என் கணவர் என்று நினைத்துக்கொண்டேன். அதை மறைப்பானேன்.

ஆல்பம் வெளியான வாரமே செல்போன் செல்போனாகப் பரவிவிட்டது. பச்சியப்பன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதலில் கேட்டானாம். பழைய பழக்கத்தில் தன் பேர் வருகிறதென்று துண்டை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டானாம். கடைசி வரி காதில் விழுந்ததும் அப்படியே நின்றானாம்.

அன்று மதியம் சேகோ மில் வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. என் கணவர் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்திருக்கிறார். பச்சியப்பனின் மூத்த மகன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். இளையவன் ஜாக்கி ராடு வைத்திருந்தான். முதல் அடி தோளில், அடுத்தது முழங்காலில். பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்ள, பச்சியப்பன் ராடை வாங்கி, இவர் வாயைப் பார்த்து இறக்கினான். தாடை உடைந்த சத்தம் நான்கு வண்டி தள்ளி நின்றவருக்குக் கேட்டிருக்கிறது. பற்கள் கிழங்குச் சக்கையோடு சேற்றில் கிடந்தன. அவன் மறுபடியும் ஓங்கி, எடுடா என் பேரை, எடுடா என்று கத்திக் கத்தி அடித்தான். இவர் ரத்தத்தைக் கொப்பளித்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாராம். டிரைவர்கள் கும்பலாக ஓடிவந்து தடுத்த பிறகுதான் விட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஒரு டிரெய்லரில் ஏற்றியிருந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை. நான் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சாகாதே, பாவி மனுஷா, சாகாதே என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன். சாகவில்லை. தருமபுரியில் தையல் போட்டு, சேலத்தில் தாடைக்குக் கம்பி வைத்துக் கட்டினார்கள். நாக்கின் நுனி போய்விட்டது. பேச்சு மெல்ல வரும், பாட்டு வராது என்றார் டாக்டர். அந்த டாக்டரை அறைய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

பச்சியப்பனையும் மகன்களையும் போலீஸ் பிடித்துப்போனது. சில வாரத்தில் ஜாமீனில் வந்தார்கள். ஆனால் ஊர் முன்பு மாதிரி இல்லை. அடித்துவிட்டதால் பாட்டு இன்னும் பரவியது. அவன் சந்தைக்குப் போனால் பின்னால் யாராவது அந்த வரியை முணுமுணுத்தார்கள். சின்ன மகனுக்குக் கம்பைநல்லூரில் நிச்சயமாக இருந்த பெண் வீட்டார், பாட்டில் வருகிற கொடுவாள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கூட்டம் போட்டார்கள். கம்பி கட்டிய தாடையோடு என் கணவர் போவேன் என்று அடம்பிடித்ததால் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். பச்சியப்பன் தனியாக வந்திருந்தான். நாள் குறித்து முடிந்ததும் தருமகர்த்தா முன்னால் வந்து நின்று, பாட்டிலிருந்து தன் பேரை எடுத்துவிட வேண்டும் என்றான்.

தருமகர்த்தா வயதானவர். அப்படிக் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா என்று அவனிடம் கேட்டார். பேரை எடுத்த அன்றே செத்தவன் கணக்கு, அப்புறம் உன் வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள் என்றார். சம்பந்தம் முறிந்ததற்கு மேல் என்ன இருக்கிறது, செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எடுங்கள் என்றான் பச்சியப்பன். துண்டைத் தரையில் விரித்துப் போட்டு அதன்மேல் மண்டி போட்டான். அவனை அந்த நிலையில் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கட்டியவன்தான் எடுக்க வேண்டும். எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவருக்கு வாய் திறக்காது. அவர் சென்னம்மாளைப் பார்த்துக் கையைக் காட்டினார், நீ சொல் என்கிற மாதிரி.

சென்னம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கையில் ஏதாவது இருக்கிறதா என்று நான் பயந்து பார்த்தேன், இல்லை. மண்டியிட்டிருந்தவனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எதுக்குங்க சாவோணும்?" என்றாள் தருமகர்த்தாவிடம், மரியாதையாக. "வேண்டாங்க. அவுரு நல்லா இருக்கட்டும். எம் புருசனுக்குப் போன ஆயுசையும் சேத்து இருக்கட்டும்."

அப்படியானால் பேர் பாட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லித் தருமகர்த்தா எழுந்தார். பச்சியப்பன் எழுந்திருக்கக் கையூன்றினான். மகன்கள் இல்லாததால் தூக்கிவிட ஆள் இல்லை. என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு உள்ளிருந்து ஏதோ சத்தம் செய்தார். அழுகிறாரா, பாடப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.